மீசைக்கடை எபினேசரும் அப்பாவின் கடன் கொப்பியும்

1988 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை இரவு. லண்டன் டூட்டிங்கில் அப்பா சிறிய பலசரக்குக் கடை நடத்திவந்தார். மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிபிசி ஒன்று அலைவரிசையில், 'பிளாக்கேடர்' நகைச்சுவைத் தொடரின் சிறப்புப் படமான 'பிளாக்கேடரின் கிறிஸ்துமஸ் கரோல்' வரப்போகிறது என்று வகுப்பில் வாரம் முழுக்க ஒரே பேச்சு. அன்று அப்பாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதையைப் பலரும் அறிவீர்கள். கஞ்சன் ஸ்க்ரூஜை ஆவிகள் வந்து திருத்தும். இந்தப் படத்தை எழுதிய ரிச்சர்ட் கர்ட்டிஸும் பென் எல்டனும் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். தொடரில் தலைமுறை தலைமுறையாக வரும் பிளாக்கேடர் என்றாலே வஞ்சகன், வாயில் விஷம் உள்ளவன். ஆனால் விக்டோரியா காலத்தில் மீசை விற்கும் இந்த எபினேசர் பிளாக்கேடர் இங்கிலாந்திலேயே நல்ல மனிதன். கடை ஆள் பால்ட்ரிக் 'கிறிஸ்துமஸ்' என்ற சொல்லை ஓர் எழுத்துகூடச் சரியாக இல்லாமல் எழுதி வைத்தாலும் எபினேசர் அதைச் சாதனை என்று பாராட்டுகிறார்.

அப்பாவுக்கு அந்த வேக ஆங்கிலம் பிடிபடவில்லை. நான் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. ஒருவர் பின் ஒருவராகக் கடைக்குள் வந்தார்கள். ஏழைத் தாய் என்று வந்தவள் கல்லாவிலிருந்த காசைக் கொண்டுபோனாள். டிக்கன்ஸின் கதையில் டைனி டிம் ஊன்றுகோலுடன் நடக்கும் நோஞ்சான் பிள்ளை. இவள் மகனோ பதினைந்து ஸ்டோன் எடை, ஏறத்தாழ 95 கிலோ! அனாதைகளுக்காக என்று இன்னொருவர் வந்தார். ஞானமகள் வந்து பரிசுகளை அள்ளிக்கொண்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "இவருக்கு எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் கடையிலும் கடன் கொப்பி ஒன்று இருந்தது. புதிதாக வந்து இறங்கியவர்கள், வேலை தேடுபவர்கள், உண்மையிலேயே முடியாதவர்கள், முடிந்தும் தராதவர்கள், எல்லோர் பெயரும் அதில் இருந்தன. அப்பா எழுதுவார், கேட்க மாட்டார். அம்மா அதற்காக எத்தனையோ இரவுகள் கோபித்திருக்கிறார்.

படத்தில் நடிகர் ராபி கோல்ட்ரேன் கிறிஸ்துமஸ் ஆவியாக வருகிறார். கெட்டவர்களைத் திருத்துவதுதான் அவர் வேலை. இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான் எட்டிப் பார்க்கிறார். பேச்சுவாக்கில் முன்னோர்களின் அக்கிரமங்களைக் காட்டப்போய், எபினேசருக்கு அவர்கள் மேல் மதிப்பு வந்துவிடுகிறது. எபினேசர் எதிர்காலத்தையும் கேட்டுப் பார்க்கிறார். கெட்டவனாக மாறினால் அவர் வம்சம் அண்டத்தையே ஆளும். நல்லவனாகவே இருந்தால் பால்ட்ரிக்கின் வம்சத்துக்கு அடிமை. விடிந்ததும் ஆளே மாறிவிடுகிறார்.

நல்லவனாக இருப்பது முட்டாள்தனம் என்று சொல்லும் கதை இது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒருபோதும் அப்படிப் பட்டதில்லை. வாங்குகிறவர்களின் வெட்கமின்மையைத்தான் அது இரக்கமில்லாமல் காட்டுகிறது. கெட்டவனான எபினேசரும் வெல்வதில்லை. கடைசியில் வரும் இருவரை வாய்க்கு வந்தபடி திட்டி விரட்டுகிறார். அவர்கள் விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட் இளவரசரும். அவருடைய நற்குணத்துக்காக 50,000 பவுண்டும் பட்டமும் கொடுக்க வந்தவர்கள். அந்த இடத்தில் அப்பா பதறிப்போனார். "வந்தவர் யாரென்று கேட்காமல் விரட்டலாமா?"

மறுநாள் காலை, வழக்கமாகக் கடனுக்கு வாங்கும் ஒருவர் வந்தார். அப்பா பொருளைக் கட்டிக் கொடுத்தார். பிறகு, நான் பார்த்த வரையில் முதல் தடவையாக, கொப்பியைத் திறந்து முன்பாக்கி எவ்வளவு என்று மெதுவாக வாசித்துக் காட்டினார்.

* * *

கடைக் கொப்பியைப் பற்றி எழுதியவருக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். டிக்கன்ஸின் கதையின் சுருக்கத்தை நடத்தி முடித்த பிறகு இந்தப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். பிளாக்கேடராக நடித்த ரோவன் அட்கின்சனை அவர்கள் மிஸ்டர் பீனாக மட்டுமே அறிவார்கள். வாயே திறக்காத மனிதர் இப்படிப் பேசுவாரா என்று திகைத்துப்போனார்கள். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "சார், ஸ்க்ரூஜ் திருந்திய பிறகு அடுத்த வருடம் அவர் வீட்டு வாசலில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்?" என்று கேட்டாள். அந்தக் கதையை எத்தனையோ ஆண்டுகளாக நடத்துகிறேன். எனக்கு அது தோன்றியதே இல்லை. அந்தக் கேள்வியையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டேன்.

* * *

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு தமிழ் வானொலியில் சில காலம் உதவியாளராக இருந்தேன். எனக்கு நெருக்கமானது, ஒரு வானொலி நிலையத்தில் நடக்கும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரான 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' 1980 டிசம்பரில் ஒளிபரப்பிய கரோல் கதை. நிலைய மேலாளர் கார்ல்சன் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் போனஸ் கொடுக்க வேண்டாம் என்று நினைக்கிறார். அறிவிப்பாளர் ஒருவர் கொண்டுவந்த பிரவுனியைத் தின்றுவிட்டு மயங்க, அலுவலக ஆட்களே ஆவிகளாக வருகிறார்கள். எதிர்காலத்தில் நிலையம் முழுக்க இயந்திரங்கள்தான் ஓடுகின்றன. நிலையத்துக்கு விளம்பரம் சேர்க்கும் ஹெர்ப் ஒருவர்தான் மிச்சம். டிக்கன்ஸின் கதையில் ஸ்க்ரூஜ் பார்க்கும் தன் கல்லறையைவிட அந்த வெற்று அறை என்னை அதிகம் கலங்கடித்தது. எங்கள் நிலையத்தில் பின்னிரவு நேரத்தைக் கணினியிடம் ஒப்படைத்த அன்று, அந்த அறையை நினைத்துக்கொண்டுதான் விளக்கை அணைத்தேன். லண்டன் நண்பரே, உங்கள் அப்பாவின் கொப்பி என்ன ஆயிற்று?

* * *

என்னிடம்தான் இருக்கிறது. நீல அட்டை, முதுகில் டேப் ஒட்டியது. 1988 டிசம்பர் 24ஆம் திகதிப் பக்கத்தில் மூன்று பெயர்கள். ஒன்றின் மேல் கோடு போட்டு, 'முழுதும் தந்தார்' என்று அப்பா எழுதியிருக்கிறார். பாக்கி வாசித்துக் கேட்ட அந்த மனிதர்தான். மற்ற இருவரின் கணக்கு அப்படியே நிற்கிறது. அவர்களுக்கு அன்று பாக்கியை வாசித்துக் காட்டினாரா என்று அப்பாவிடம் நான் கேட்டதே இல்லை.