சேர்ந்து ஜெபித்ததில் இன்னும் மனதை விடாத ஒரு நாள்: கொழும்பில் இருப்பவர்கள் எழுதுங்கள்

கொட்டாஞ்சேனை மாடிவீடு

2019 ஏப்ரல் 28. ஈஸ்டர் அன்று கோவில்களில் குண்டு வெடித்ததற்கு அடுத்த ஞாயிறு. கோவில்களில் பூசை இல்லை, கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை எல்லோரும் டீவியில்தான் பார்த்தோம். சமாதானம் பகிரும் நேரம் வந்ததும் அம்மா பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினார். நான் மட்டும்தான் இருந்தேன். என்னைக் கும்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்தும் கைகூப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடும்பமும் அதே பூசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, சத்தம் கேட்டது.

மே பிறந்ததும் மாதா வணக்க மாதம் அல்லவா. அந்த வீட்டு அன்ரி எங்கள் மாடிப்படியில் பாய் விரித்துச் செபமாலை தொடங்கினார். அம்மா போனார். நான் போகவில்லை. பயம். கதவைப் பூட்டிவிட்டு உள்ளே நின்று கேட்டேன். ஐந்து ஆறு பேரின் குரல், நடுவில் அம்மாவின் குரல். மூன்றாம் நாள்தான் கதவைத் திறந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, தள்ளி உட்கார்ந்து இடம் தந்தார்கள். அந்த முதல் இரண்டு நாட்கள் இப்பவும் குத்துகிறது.

வெள்ளவத்தை வெள்ளிக்கிழமை

எங்களுடையது சின்ன வீட்டு ஜெபக்கூட்டம். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்குத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று நிறுத்தினார்களே, அந்தக் கிழமை. பஸ்ஸும் சரியில்லை. “இன்றைக்குக் கூட்டம் இல்லை” என்று போனில் எழுதி, அனுப்புவதா வேண்டாமா என்று வைத்துக்கொண்டு இருந்தேன். கதவு தட்டுகிறது. பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதி நீளத்துக்கு நடந்தே வந்திருக்கிறார் எங்கள் வயதான அன்ரி. வேர்த்துக் கொட்டுகிறது.

நானும் அவரும்தான். கரண்டும் போய்விட்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில் கூட்டக் கொப்பியைத் திறந்து, வராத எல்லோருடைய பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபித்தார். கடைசியில் என் பெயர். நான் முன்னால்தானே இருக்கிறேன் என்று நினைத்தேன். “பிள்ளை, உனக்கு என்ன வேணும்? எப்பவும் மற்றவர்களுக்குத்தானே கேட்கிறாய்” என்றார். நாலு வருஷம் கூட்டம் நடத்தியும் அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். அந்தச் செய்தியை அனுப்பியிருந்தால்?

அறை வீட்டுக்குள்

மேலே எழுதியவர்கள் மனம் நோகக்கூடாது. ஆனால் “உன் அறை வீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி” என்றும் மத்தேயு 6:6 இல் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வேலை போனதை ஒரு ஜெபக்குழுவில் கண்ணீரோடு சொன்னேன். மூன்றாம் நாள் சந்தையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது, முன்பின் பேசியிராத ஒரு பெண், “வேலை கிடைச்சிட்டுதா?” என்று எல்லோருக்கும் கேட்க விசாரித்தார். கையில் இருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு அந்தக் குழுவுக்குப் போகவில்லை. வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

மருதானை அண்ணா

அறை வீட்டுக்குள் என்று எழுதிய சகோதரிக்கு. உங்களுக்கு நடந்தது தவறு, அதற்குச் சாக்கு இல்லை. ஆனால் அந்த வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளிப் பாருங்கள். 6:9 இல் ஜெபமே “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்குகிறது. “என் பிதாவே” இல்லை. அப்பம் கேட்பதும் எங்களுக்கு, மன்னிப்புக் கேட்பதும் எங்களுக்கு. அறைக்குள் தனியே சொன்னாலும் மற்றவர்களோடுதான் சொல்கிறோம். பேதுரு சிறையில் கிடந்தபோது மாற்குவின் தாய் மரியாள் வீட்டில் அநேகர் கூடி ஜெபித்தார்கள் (அப்போஸ்தலர் 12). அவன் விடுதலையாகி வந்து கதவைத் தட்டியபோதும் கலைந்து போகாமல் அங்கேதான் இருந்தார்கள்.

என் கதை சின்னது. அப்பா ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தபோது எங்கள் ஜெபக்குழுவில் இரண்டு பேர் பார்வையாளர் நேரத்தில் வந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரரும் கையைத் தூக்கி, “எனக்கும்” என்றார். அவ்வளவுதான்.

இனிமேல் குழு தொடங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. முக்கால் மணிக்கு மேல் இழுக்காதீர்கள், வேலைக்குப் போய் வருகிற பெண்கள் பாவம். சாப்பாடு வேண்டாம், பிளேன் டீ போதும். சாப்பாடு வைத்தால் அடுத்த வீட்டார் தங்களால் முடியாது என்று ஒதுங்குவார்கள். ஒருவர் சொன்ன பாரத்தை அவர் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. ஜெபம் என்ற பெயரில்தான் அதிகம் வம்பு பரவுகிறது. இரண்டு கிழமை வராதவரிடம் “ஏன் வரவில்லை” என்று கேட்காமல், “உங்கள் கதிரை வெறுமையாக இருந்தது” என்று மட்டும் சொல்லுங்கள். நீளமாக ஜெபிக்கத் தெரிந்தவர்கள் கடைசியில் ஜெபிக்கட்டும். முதலில் அவர்கள் தொடங்கினால் புதியவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். பிள்ளைகள் சத்தம் போட்டால் போடட்டும்.

செவ்வாய் நவநாள்

ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலை 2019 ஜூன் 12 திரும்பத் திறந்தார்கள். அடுத்த செவ்வாய் போனேன். வாசலில் பையைச் சோதித்தார்கள், உள்ளே போனால் கால் நடுங்குகிறது. பக்கத்தில் சிங்கள அம்மா ஒருவர், தெரியாதவர். நான் மெதுவாக “அருள் நிறைந்த மரியே” என்று பாதி சொல்ல, மீதிப் பாதியை அவர் சிங்களத்தில் சொன்னார். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் அப்படியே போனது. முடியும் மட்டும் என் முழங்கையை விடவில்லை. பெயர் கேட்காமல் வந்துவிட்டேன், பிறகு எத்தனையோ செவ்வாய் தேடினேன்.

வெள்ளவத்தை வெள்ளிக்கிழமை

அறை வீட்டுக்குள் அக்கா, எங்கள் கொப்பியில் பெயர் மட்டும்தான் எழுதுவோம். என்ன விஷயம் என்று எழுதுவதில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை, பெயரைத் தந்தால் எழுதுகிறேன். சொந்தப் பெயர் வேண்டாம் என்றால் “அக்கா” என்றே எழுதுகிறேன்.