புதுக் கார் வாங்க ஷோரூமில் விலை பேசியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கதிர்:

வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டும் என்று ஏழு சீட் வண்டி ஒன்று எடுத்து முடித்திருக்கிறோம். விலை பேசிய விதத்தை எழுதுகிறேன். நீங்களும் எழுதினால் அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

எந்த ஷோரூமில் உட்கார்ந்தாலும் சீக்கிரமே வந்த கேள்வி இது: "மாசம் எவ்வளவு கட்டலாம்னு நினைக்கிறீங்க சார்?" அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே ஓடும், வண்டியின் விலையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மாதத் தவணையைக் குறைக்க விலையைத் தொடவே வேண்டாம், கடன் காலத்தை இழுத்தாலே போதும். 9 சதவீத வட்டியில் 5 வருடக் கடனை 7 வருடமாக்கினால் தவணை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 5 வருடத்தில் அசலில் 24.5 சதவீதமாக இருந்த மொத்த வட்டி 7 வருடத்தில் 35 சதவீதமாகிறது. விலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதனால் நான் எல்லா இடத்திலும் ஒரே பதிலைச் சொன்னேன். "கடனா, முழுப் பணமான்னு அப்புறம் பார்க்கலாம். வண்டி ரோட்டுக்கு வர மொத்தமா எவ்வளவு ஆகும்? வரி வரியா எழுதிக் கொடுங்க."

கையில் வந்த கொட்டேஷனைப் பார்க்க வேண்டுமே! மேலே வண்டி விலை, வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். அதற்குக் கீழே அதே எழுத்தில், அதே அளவில், ஆக்சஸரீஸ் பேக், பெயிண்ட் கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஹேண்ட்லிங் சார்ஜ். எது கட்டாயம், எது நம் விருப்பம் என்று எங்கும் பிரித்துக் காட்டவில்லை. எல்லாம் கூட்டி அடியில் ஒரு தடித்த எண்.

ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இது இல்லாம வண்டி தருவீங்களா?" வரிக்கும் பதிவுக்கும் உடனே பதில் வந்தது, முடியாது, சட்டப்படி கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் கட்டாயம், ஆனால் எங்கே எடுப்பது என்பது என் இஷ்டம். மற்ற வரிகளுக்கு வந்தபோதுதான் பேச்சு தடுமாறியது. "எல்லாரும் எடுக்கறாங்க சார்" என்றார் அந்தத் தம்பி. நான் கேட்டது அதுவல்ல என்று மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். உள்ளே போய் மேனேஜரைக் கேட்டு வந்து கோட்டிங்கையும் ஹேண்ட்லிங் சார்ஜையும் பேனாவால் அடித்தார். ஆக்சஸரீஸ் பேக்கில் மேட்டும் மட்கார்டும் மட்டும் வேண்டும் என்றோம், அவற்றின் விலையைத் தனியாக எழுதினார். தள்ளுபடி என்ற பேச்சை எடுப்பதற்கு முன்பே மொத்தத்தில் கணிசமாகக் குறைந்துவிட்டது.

தள்ளுபடியைக் கேட்கும்போது என் கையில் இன்னொரு டீலரின் கொட்டேஷன் இருந்தது. அதே கம்பெனி, அதே வேரியண்ட், அதே நிறம். வண்டி ஒன்றே என்பதால் அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், நான் வாதாட வேண்டியதே இல்லை. வாய்வார்த்தையாக "அங்க இன்னும் கம்மியா சொல்றாங்க" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். தாளைக் காட்டினால் நிலைமை வேறு.

மலர்:

கதிர் அண்ணா, அந்த "இது இல்லாம தருவீங்களா"வை நானும் குறித்துக்கொண்டேன்.

என் அனுபவம் வேறு மாதிரி. வண்டி என் பெயரில், பணம் என் சம்பளத்தில், ஓட்டப் போவதும் நான். ஆனால் கேள்வி நான் கேட்பேன், பதில் என் கணவரைப் பார்த்து வரும். எஞ்சின், மைலேஜ், விலை எல்லாம் அவருக்கு. நிறம் என்று வந்தால் மட்டும் "மேடம், உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" ஒரு கட்டத்தில் அவரே, "வாங்கறவங்க அவங்க, அவங்ககிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அப்படியும் மேனேஜர் வந்ததும் நேராக அவரிடம்தான் கை கொடுத்தார்.

இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. விலையிலும் இது வந்து நிற்கிறது. இயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் செய்து 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆண்கள், பெண்கள், வெள்ளையர், கறுப்பினத்தவர் என்று பலரை ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி கொடுத்து ஷோரூம்களுக்கு அனுப்பினார். ஒரே வண்டிக்கு வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அதிகமாகச் சொன்னார்கள். எல்லோரும் பேசியது ஒரே பேச்சு என்பதை மறந்துவிடாதீர்கள். பேரம் பேசத் தெரியாததால்தான் பெண்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நான் அந்த இடத்தில் சண்டை போடவில்லை. கொட்டேஷன் கேட்பதை எல்லாம் மின்னஞ்சலுக்கு மாற்றினேன். என்ன வண்டி, என்ன வேரியண்ட், எப்போது வேண்டும், வரி வரியாக மொத்த விலை என்ன என்று நான்கைந்து டீலர்களுக்கு ஒரே கடிதம். எழுத்தில் கேட்டபோது பதிலும் எழுத்தில் வந்தது. பாதிப் பேர் "நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்" என்றார்கள். அவர்களை விட்டுவிட்டேன். விலையை எழுதி அனுப்பியவர்களில் ஒருவரிடம்தான் வாங்கினேன், அவர் எழுதிய எண் கடைசி வரை மாறவில்லை.

டெஸ்ட் டிரைவ் போகும்போது குழந்தையின் சீட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போனேன். குடும்பத்துக்கு வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். குழந்தை சீட்டை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றன என்று பிரோஷரில் போட்டிருப்பார்கள், எந்த சீட்டில் என்று பார்க்க வேண்டும். ஒரு வண்டியில் குழந்தை சீட்டை மாட்டியதும் மூன்றாவது வரிசைக்குப் போக வழியே இல்லை. அந்த வண்டிக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எங்களுக்கு உதவாது.

நிலா:

கடன் பற்றி ஒரே ஒரு விஷயம். எங்களிடம் "10 பர்சென்ட்தான்" என்றார்கள். ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா என்று கேட்டேன். ஃப்ளாட். அதாவது முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி, நாம் கட்டிக் கழித்த பகுதிக்கும் சேர்த்து. 5 வருடக் கடனில் ஃப்ளாட் 10 சதவீதம் என்பது குறையும் அசல் கணக்கில் 17 சதவீதத்துக்கு மேல். வங்கி எனக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன், ஷோரூம் கடன் பேச்சு அதோடு முடிந்தது. வங்கிக் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். அது போல "வட்டியே இல்லை" என்று சொன்னால், முழுப் பணமாகக் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்றும் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துத் தர மாட்டார்கள் என்றால், விட்டுக்கொடுக்கும் அந்தத் தள்ளுபடிதான் வட்டி.

பழைய சேல்ஸ்மேன்:

நான் கார் விற்பனையில் பல வருடம் இருந்தவன், இப்போது வேறு வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் தம்பியிடம் விலையைக் குறைக்கும் அதிகாரம் மிகக் கொஞ்சம். அவர் உள்ளே போய் வருவதைப் பலர் நாடகம் என்கிறார்கள். சில இடங்களில் அப்படியும் உண்டு. ஆனால் பெரும்பாலும் உண்மையிலேயே மேனேஜரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தத் தம்பிக்குச் சம்பளத்தில் பெரிய பகுதி ஊக்கத்தொகை, வண்டி விற்றால்தான் அது. புது வண்டியில் டீலருக்கு நிற்கும் லாபம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் இன்சூரன்ஸ், கடன், ஆக்சஸரீஸ், வாரண்டி இவற்றை அப்படித் திணிக்கிறார்கள். பணம் அங்கேதான் வருகிறது. வண்டி விலையில் ஒரு தொகையைக் குறைத்துவிட்டு அதையே இந்த வரிகளில் எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும். கதிர் மொத்தத்தைக் கேட்டது சரி. எந்த வரியில் கூட்டினாலும் குறைத்தாலும் மொத்தத்தில் தெரிந்துவிடும்.

மாதக் கடைசி என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கம்பெனி டீலருக்கு ஓர் இலக்கு வைத்து, அதை எட்டினால் ஒவ்வொரு வண்டிக்கும் போனஸ் தருகிறது என்று வையுங்கள். இலக்குக்கு இரண்டு வண்டி குறைகிறது என்றால் அந்த இரண்டையும் நஷ்டத்துக்குக்கூடக் கொடுப்பார்கள். இலக்கு 20-ஆம் தேதியே முடிந்துவிட்டால் கடைசி நாளில் நீங்கள் போய் நின்றாலும் ஒன்றும் கிடைக்காது. வெளியில் இருப்பவருக்கு இது தெரிய வழியில்லை. அதைவிட நம்பகமானது ஸ்டாக். யார்டில் நிற்கும் வண்டிக்குப் பெரும்பாலும் டீலர் கடன் வாங்கித்தான் பணம் கட்டியிருப்பார், நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி. ரொம்ப நாளாக நிற்கிற வண்டியை, யாரும் கேட்காத நிறத்தை, புது மாடல் வரப்போகும் நேரத்தில் பழைய மாடலைக் கேட்டால் நல்ல விலைக்கு வரும். காத்திருப்புப் பட்டியல் இருக்கும் வண்டிக்கு எப்படிப் பேசினாலும் குறையாது, அங்கே ஆக்சஸரீஸைத் திணிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பழைய ஸ்டாக்கைத் தெரிந்தே வாங்கினால் நல்லது. தெரியாமல் தலையில் கட்டினால் அநியாயம். சேசிஸ் எண்ணான விஐஎன்னைக் கேட்டு வாங்குங்கள். 17 எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். பல கம்பெனிகளில் பத்தாவது இடம் மாடல் வருடம், ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. எல்லாக் கம்பெனியும் இந்த முறையில் போடுவதில்லை, ஆகவே டயரையும் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரம். புத்தம் புதிதாக வந்தது என்று சொல்லும் வண்டியில் போன வருட டயர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களுக்காக உள்ளே போய் வாதாடியவர் அவர். கடுமையாகப் பேசினால் விலை குறையும் என்று நினைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் கையில் இருந்த சின்னச் சலுகைகளை நான் மரியாதையாகப் பேசியவர்களுக்குத்தான் கொடுத்தேன்.

மலர்:

இந்தக் கடைசிப் பத்திக்கு நன்றி அண்ணா. நான் விட்டுவிட்ட மற்ற டீலர்களுக்கும் "வேறு இடத்தில் எடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். ஒருவர் வாழ்த்துச் சொல்லிப் பதில் போட்டார்.

ஆனந்தி:

பழைய வண்டியைக் கொடுத்து எடுப்பவர்களுக்கு. என் அப்பாவோடு போயிருந்தேன். புது வண்டியின் விலை படியும் வரை பழைய வண்டி இருப்பதையே அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. "என்ன வண்டி சார் இப்ப வச்சிருக்கீங்க?" என்று கேட்டபோதும், "அதைக் கொடுக்கறதா இல்லையான்னு வீட்ல முடிவு பண்ணல" என்று முடித்துவிட்டார். விலை எழுத்தில் வந்த பிறகுதான் எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுத்தார். அதற்கு முன்பே வெளியில் பழைய கார் வாங்குகிறவர்களிடம் காட்டி விலை வாங்கி வைத்திருந்தார். ஷோரூமில் சொன்னது அதைவிடக் குறைவு. எக்ஸ்சேஞ்ச் போனஸைச் சேர்த்தும் எட்டவில்லை, அதனால் வெளியிலேயே கொடுத்துவிட்டோம். இரண்டையும் ஒன்றாகப் பேசியிருந்தால் பழைய வண்டிக்கு நல்ல விலை கொடுத்த மாதிரிக் காட்டி புது வண்டியில் அதை எடுத்திருப்பார்கள், நமக்குப் பிடிபட்டிருக்காது.

கோபால்:

புக்கிங் அட்வான்ஸ் கட்டப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கதிர்:

மூன்று விஷயம் ரசீதிலேயே இருக்கட்டும் கோபால். ஒத்துக்கொண்ட மொத்த விலை, டெலிவரி தேதி, ரத்து செய்தால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில். டெலிவரிக்கு முன் விலை ஏறினால் யார் தலையில் என்றும் கேளுங்கள். எங்களுக்கு "பில் போடும் நாளின் விலை" என்று பொடி எழுத்தில் பின்பக்கம் அச்சாகியிருந்தது. அதை மாற்ற முடியாது என்றார்கள். சரி, அப்படியானால் தள்ளுபடித் தொகை மாறாது என்றாவது எழுதுங்கள் என்று கேட்டேன், மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பாக்கிப் பணத்தை வண்டியைப் பார்க்காமல் கட்டாதீர்கள். பதிவு ஆவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், ஷெட்டுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். ரசீதில் இருக்கும் விஐஎன்னும் வண்டியில் இருப்பதும் ஒன்றா, ஓடோமீட்டர் எவ்வளவு, பெயிண்ட் எல்லாப் பக்கமும் ஒரே நிறமா, ஸ்பேர் டயர், ஜாக்கி, இரண்டு சாவி. எங்கள் வண்டியில் பின்கதவு ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. பாலிஷ் போட்டால் போய்விடும் என்றார்கள். அதே வேரியண்டில் வேறு வண்டி கேட்டோம். முழுப் பணமும் இன்னும் எங்கள் கையில் இருந்ததால் அடுத்த வாரமே வந்தது.