கேம் விளையாடேக்க நெட் கட் ஆகுது, யாராச்சும் ஹெல்ப் ப்ளீஸ்

காலிவீதி_கேமர்:
அவசரம் மக்கள், கேம் விளையாடேக்க நெட் கட் ஆகிட்டே இருக்கு, நல்லாத்தான் போகும் திடீரெண்டு ரீகனெக்டிங் எண்டு வரும் திரும்பி வர முதல் செத்துப்போயிடுவன். யூடியூப் எல்லாம் பறக்குது. ரேங்கும் இறங்குது டீம்ல இருக்கிறவங்களும் ஏசுறாங்கள். என்ன செய்யலாம்??

தெஹிவளை_நானா:
என்ன கேம், ஃபைபரா 4ஜியா, வைஃபையா வயரா? ஒண்டுமே சொல்லல்லயே மச்சான்.

மழைக்காகம்:
பின்னேரத்தில தானே? இப்ப ஒவ்வொரு பின்னேரமும் இடியும் மழையும். போஸ்ட்ல ஜொயின்டுக்குள்ள தண்ணி போயிருக்கும், எங்கட லைன்லயும் இதே கூத்துத்தான்.

பழையமோடம்:
கேள்விய வாசிச்சா ரவுட்டர் எந்த நாட்டில இருக்கெண்டே விளங்கல்ல. தம்பி, முதல்ல கேக்கப் பழகும். ரவுட்டர் மொடல் என்ன?

நைட்டவுல்:
டிஎன்எஸ்ஸ 1.1.1.1க்கு மாத்துங்க ப்ரோ, சரியாகும்.

பழையமோடம்:
சர்வர்ட பேரச் சொன்னா ஐபிய எடுத்துக் குடுக்கிறதோட டிஎன்எஸ்ட வேலை முடிஞ்சுது. மேட்ச் நடுவில அதுக்கு அங்க என்ன அலுவல்?

காலிவீதி_கேமர்:
சொரி சொரி. வெலோரன்ட், மும்பை சர்வர், ஃபைபர். வெள்ளவத்தைல ஃப்ளாட், ரவுட்டர் ஹோல்ல, என்ட ரூம் பின்னால, வைஃபைதான். 7 மணிக்குப் பிறகுதான் கூட.

மழைக்காகம்:
ஃபைபரா, அப்ப மழைய விடுங்க. வெள்ளவத்தை ஃப்ளாட் எண்டா சுத்திவர எல்லா வீட்டு வைஃபையும் 2.4ல அடிபடும், 1, 6, 11 எண்டு மூண்டு சேனல் தான் ஒண்டோட ஒண்டு முட்டாது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க.

தெஹிவளை_நானா:
அதுக்கு முந்தி லேன் வயர் ஒண்டக் குத்திப் பாருங்க. கமாண்ட் பிராம்ட் ரெண்டு திறந்து ஒண்டுல 192.168.1.1 (உங்கட ரவுட்டர்), மத்ததுல 8.8.8.8 (வெளிய கூகிள்ட சர்வர்), ரெண்டுக்கும் பிங் ஓட விட்டுட்டு விளையாடுங்க, போய்த் திரும்பி வர எத்தன எம்எஸ் (மில்லி செக்கன்) எண்டு அது காட்டும். கட் ஆகக்குள்ள எது ஏறுதுண்டு சொல்லுங்க.

கொட்டாஞ்சேனை_கிங்:
7 மணிக்கு ஊரே நெட்ல. கடலுக்கடிக் கேபிள் நெரிசல். சிங்கப்பூர் சர்வருக்கு மாறு மச்சான்.

பழையமோடம்:
கேபிள்ல பிழையெண்டா நாடே கத்தும், இவருக்கு மட்டுமா வரும்? மும்பை நேர்கோட்டில 1,500 கிமீ கிட்ட, சிங்கப்பூர் 2,700. கிட்ட இருக்கிறத விட்டுட்டுத் தூரம் போகச் சொல்றீர்.

கொட்டாஞ்சேனை_கிங்:
டேட்டா பாக்கெட் என்ன காகமா நேர பறக்க? ட்ரேஸ்ரூட் போட்டு எந்த வழியாப் போகுதெண்டு பாருங்க, சிலநேரம் சிங்கப்பூர் போய்த்தான் மும்பைக்கு வரும்.

பழையமோடம்:
சீமீவீ 4 கடல் கேபிள் கொழும்பில ஏறுது, 5 மாத்தறையில. அதுகூடத் தெரியாம ரூட் பற்றிக் கதை.

கொட்டாஞ்சேனை_கிங்:
எங்க ஏறினா என்ன, பில் கட்டுறது நான். ட்ரேஸ்ரூட் போட்டீங்களா இல்லையா?

காலிவீதி_கேமர்:
வயர் போட்டும் அதே தான். ரவுட்டருக்கு 1 எம்எஸ். 8.8.8.8க்கு 40ல இருந்து 700, 900, பிறகு டைம் அவுட்.

தெஹிவளை_நானா:
அப்ப வைஃபைல பிழை இல்ல. 7 மணிக்கு வீட்டுக்கு வாறது யாரு? போன் வைஃபைல ஏறின உடனே போட்டோ வீடியோ பேக்கப் தொடங்கும். எத்தனையோ பேக்கேஜ்ல டவுன்லோட விட அப்லோட் நல்லாக் குறைவு, அது நிரம்பினா ரவுட்டர் எல்லாத்தையும் வரிசைல போட்டுடும், நீங்க சுடுற சூடும் அந்த வீடியோவுக்குப் பின்னால தான் நிக்கும். பஃபர்ப்ளோட் எண்டு சொல்றது இதத்தான். யூடியூப் முன்னுக்கே எடுத்து வச்சிக்கும், அதான் அங்க தெரியல்ல.

காலிவீதி_கேமர்:
அக்கா ஒபிஸ் விட்டு வாற நேரம்!! மச்சாள்ட கல்யாண வீடியோ முழுக்க அவட போன்ல. இருங்க வாறன்

நைட்டவுல்:
எதுக்கும் டிஎன்எஸ்ஸயும் மாத்திடுங்க ப்ரோ.

கொட்டாஞ்சேனை_கிங்:
மோடம் அண்ணை, ட்ரேஸ்ரூட்?

காலிவீதி_கேமர்:
பேக்கப்ப நிப்பாட்டின உடன 40. அக்கா ஏசுறா. மேட்ச் தொடங்குது, தேங்க்ஸ் நானா

தெஹிவளை_நானா:
நிப்பாட்டத் தேவல்ல, ராவு படுக்கிற நேரத்துக்கு ஓட விடச் சொல்லுங்க.

பழையமோடம்:
இல்லாட்டி ரவுட்டர்ல கியூஓஎஸ் எண்டு வேகத்தப் பிரிச்சுக் குடுக்கிற செட்டிங்ல அப்லோட லைன்ட வேகத்த விடக் கொஞ்சம் குறைச்சு லிமிட் பண்ணலாம், வரிசை நீளாது. எல்லா ரவுட்டர்லயும் அந்த செட்டிங் இல்ல, அதுக்குத்தான் மொடல் கேட்டது.