எல்லாத் தாளிலும் 5க்கு 5: பாடத்திட்டத்தில் எதை மாற்றுவது?

ஹோட்டல் மேனேஜ்மென்ட் பாடம் எடுப்பவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

இன்டர்ன்ஷிப் முடித்து வந்த மாணவர்களின் மதிப்பீட்டுத் தாள்கள் கட்டுக்கட்டாக என் மேசையில் கிடக்கின்றன. நேரம் தவறாமை 5, தோற்றம் 5, குழுவோடு ஒத்துப்போதல் 5. பிள்ளையைப் பிடித்துவிட்டால் ஹோட்டல் மேற்பார்வையாளர்கள் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக டிக் போட்டுவிடுகிறார்கள். ஒளிவட்ட விளைவு என்று இதற்குப் பெயரே உண்டு. இதை வைத்து எந்தப் பாடத்தை மாற்றுவது?

ஒரே ஒரு தாளின் ஓரத்தில் மட்டும் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளர் பேனாவால் கிறுக்கியிருந்தார். படுக்கை கச்சிதமாக விரிக்கிறாளாம், விருந்தினர் குறை சொன்னால் மட்டும் வாயடைத்துப் போகிறாளாம். அந்தக் கிறுக்கல்தான் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது. புகார் கையாளுவதைச் செய்முறை வகுப்பில் நடித்துப் பார்க்க வைக்கப் போகிறேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வரிகளை வரவழைக்கும் படிவம் யாரிடமாவது இருக்கிறதா? ஃபிரண்ட் ஆபீஸ், கிச்சன் என்று துறைக்கொரு தாள் வைத்திருக்கிறீர்களா, எல்லாவற்றுக்கும் ஒன்றா? அப்புறம், மாணவர்கள் தங்களையே மதிப்பிட்ட தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர்கள் உண்டா? மதிப்பெண்ணில் சேரும் என்று தெரிந்தால் மேற்பார்வையாளர் மனம் இளகிவிடுகிறது. அதனால் கருத்துத் தாளைத் தனியாகப் பிரிக்கலாமா என்றும் யோசிக்கிறேன். அடுத்த அணி கிளம்புவதற்குள் மாதிரி கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.