19 மி.மீ.யா, 20 மி.மீ.யா? கைக்கடிகாரப் பட்டை பொருந்தவில்லை, நீந்திய பின் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

பீனிக்ஸ்வாசி (கேள்வி)

வணக்கம். பிப்ரவரியில் இங்கே தென்னாப்பிரிக்காவின் மிட்மார் அணையில் நடக்கும் ஒரு மைல் நீச்சலுக்கு நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் நீச்சல் குளத்துக்கும், ஞாயிறு காலையில் டர்பன் நார்த் பீச்சுக்கும் போகிறேன். நேரம் பார்ப்பதற்காகக் கையில் கட்டியிருப்பது பத்து ஆண்டுப் பழைய எஃகுக் கைக்கடிகாரம். பேட்டரியில் ஓடுவது, முள் வைத்தது, பின்மூடியில் "50 மீட்டர்" என்று பொறித்திருக்கிறது.

எனக்கு இரண்டு சிக்கல்கள். முதலாவது, தோல் பட்டை குளத்து நீரில் ஊறி நாற்றமெடுத்துவிட்டதால், அதன் அகலத்தை அளந்து பார்த்து 20 மி.மீ. ரப்பர் பட்டை ஒன்று வாங்கினேன். அது கடிகாரத்தில் பட்டை மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு இடையே நுழைய மறுக்கிறது. இரண்டாவது, போன வாரம் குளத்திலிருந்து வெளியே வந்தபோது கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய ஆவி படிந்திருந்தது; அரை மணி நேரத்தில் தானாக மறைந்தது. ஐம்பது மீட்டர் தாங்கும் கடிகாரம் இரண்டு மீட்டர் ஆழக் குளத்தில் ஏன் இப்படிச் செய்கிறது? பட்டையின் சரியான அளவை எப்படி எடுப்பது, இதைக் கட்டிக்கொண்டு அச்சமில்லாமல் நீந்த என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

புதுத்திரி

ஆவி என்றால் கவலை வேண்டாம். ஒரு டப்பா அரிசிக்குள் இரண்டு நாள் புதைத்து வையுங்கள், சரியாகிவிடும். அவசரமென்றால் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுங்கள்.

பழைய பட்டறை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அரிசி யோசனையை முதலில் ஒதுக்கிவிடுவோம், அம்மா. ஈரம் கடிகாரத்தின் உள்ளே இருக்கிறது, அரிசி வெளியே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே மூடிய எஃகுப் பெட்டி நிற்கிறது. அந்த ஈரம் வெளியே வந்து அரிசியைச் சேர வழி இருக்குமானால், அதே வழியில் குளத்து நீரும் உள்ளே போகும். சூடு காட்டுவது இன்னும் கெடுதல். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி இயந்திரத்தின் மேலே பரவுமே தவிர வெளியேறாது. ரப்பர் வளையங்களும் காய்ந்து போகும். நாற்பது ஆண்டுகள் கடிகாரம் பழுது பார்த்தவன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். புதுத்திரி தம்பி வருத்தப்பட வேண்டாம்.

பட்டையின் கணக்கு எளிது. பழைய தோல் பட்டையை அளந்ததுதான் உங்கள் பிழை. தோல் நீரில் ஊறினால் அகலும், காய்ந்தால் சுருங்கும், ஓரம் தேயும். எனவே அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அளக்க வேண்டியது கொம்புகளின் உட்பக்கச் சுவர்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை. வெர்னியர் காலிப்பர் இருந்தால் அதன் மேல்பக்க உள்தாடைகளை விரித்து அளக்கலாம். இல்லையென்றால் தடித்த காகிதத்தை ஒரு துண்டாக வெட்டி, கொம்புகளுக்கு இடையே நுழையும் வரை சிறிது சிறிதாக ஓரத்தைக் கத்தரித்து, ஆடாமலும் வளையாமலும் அது நிற்கும் அகலம் கிடைத்தவுடன் அந்தக் காகிதத்தை அடிக்கோலில் வைத்துப் பாருங்கள். அடிக்கோலின் முனை பெரும்பாலும் தேய்ந்திருக்கும். ஆகவே பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 10 மி.மீ. கோட்டிலிருந்து தொடங்கி, வரும் எண்ணிலிருந்து பத்தைக் கழித்துவிடுங்கள்.

கடைகளில் அதிகம் கிடைப்பவை 18, 20, 22 மி.மீ. பட்டைகள். ஆனால் 19, 21 என்ற ஒற்றைப்படை அளவுகளிலும் கடிகாரங்கள் உண்டு; உங்களுடையது 19 ஆக இருக்கும் என்பது என் ஊகம். அளந்துவிட்டுச் சொல்லுங்கள். பேட்டரி கடைசியாக எப்போது, எங்கே மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் ஆவிக்கான விடை அங்கேதான் இருக்கும் என்று தோன்றுகிறது.

பீனிக்ஸ்வாசி

மிக்க நன்றி ஐயா. காகிதத்தில் வெட்டிப் பார்த்தேன், 19 தான் வருகிறது. மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த காலிப்பரில் 19.1 காட்டியது. பேட்டரியை ஆறு மாதத்துக்கு முன் ஒரு வணிக வளாகத்தின் நடைபாதையில் இருந்த சிறுகடையில் மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் திறந்து மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

அளவுகோல்

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன், கடிகாரத் தொழில் தெரியாது. இந்த "50 மீட்டர்" குறித்துப் பரவலாக உள்ள ஒரு தவறான விளக்கத்தை மட்டும் திருத்த விரும்புகிறேன். கையை வீசி நீந்தும்போது அழுத்தம் பல மடங்கு கூடிவிடுவதால்தான் கடிகாரத்துக்குள் நீர் புகுகிறது என்று பலர் சொல்வார்கள். கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. கை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நீரில் பாய்வதாகவே வைத்துக்கொள்வோம். சாதாரண நீச்சலில் அவ்வளவு வேகம் வராது. நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ என்பதால், கூடுதல் அழுத்தம் (பாதி × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம்) ½ × 1000 × 25, அதாவது 12,500 பாஸ்கல். பார் என்ற அழுத்த அலகில் அது 0.125; ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் அசையாமல் இருப்பதற்குச் சமம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் என்பதால், 50 மீட்டர் என்று பொறித்த கடிகாரம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் 5 பார் தாங்கியிருக்க வேண்டும். குளத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தம்கூட வருவதில்லை. எனவே நீந்தியதால் கெட்டது என்பதைவிட, முன்பே கெட்டிருந்தது நீந்தியபோது தெரியவந்தது என்பதே பொருத்தம்.

பழைய பட்டறை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பின்மூடியில் பொறித்திருக்கும் எண் புதுக் கடிகாரத்தைப் பற்றியது. பத்து ஆண்டுக்குப் பிறகும் அதுவே செல்லும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பின்மூடிக்கு அடியிலும், நேரம் வைக்கும் கிரவுனின் தண்டைச் சுற்றியும், கண்ணாடியைச் சுற்றியும் என மூன்று இடங்களில் நீரைத் தடுக்கும் வளையங்கள் இருக்கின்றன. பின்மூடி வளையம் மெல்லிய ரப்பர். மூடியை இறுக்கும்போது அது நசுங்கித்தான் அடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் நசுங்கியே கிடந்தால் தட்டையாகிவிடும், பிறகு தளர்த்தினாலும் பழைய உருண்டை வடிவத்துக்குத் திரும்பாது. பேட்டரி மாற்றும்போது அந்தத் தட்டை வளையத்தையே மறுபடி வைத்து, சிலிகான் கிரீஸ் தடவாமல், இடம் மாறி அமர்ந்திருக்கிறதா என்றும் பார்க்காமல் மூடினால், ஒரு மயிரிழை இடைவெளி போதும். ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை என்றீர்கள். வளையம் மாற்றி அழுத்தச் சோதனையும் செய்யும் வேலை ஐந்து நிமிடத்தில் முடியாது.

இன்னொரு வாய்ப்பும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டர்பன் கோடையின் புழுக்கத்தில் மூடியைத் திறந்து மூடினால் அந்த ஈரக்காற்றே உள்ளே அடைபட்டுவிடும். வெயிலில் காரில் கிடந்த கடிகாரத்தோடு குளிர்ந்த குளத்தில் இறங்கினால், ஒரு துளி நீரும் புகாமலே கண்ணாடியில் ஆவி படியலாம். உங்கள் ஆவி அரை மணியில் மறைந்தது என்பதால் இரண்டில் எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

பட்டறையில் நாங்கள் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. கடிகாரத்தை 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக்கி, கண்ணாடியின் மேல் சாதாரண நீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைப்போம். துடைத்த இடத்தில் உட்புறம் மங்கலாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. வீட்டில் அடுப்பருகே வைத்து இதைச் செய்து பார்க்க வேண்டாம். சூட்டின் அளவு கைமீறிவிடும்.

ஆகவே பட்டறைக்குப் போனால் "பேட்டரி" என்றோ "ஆவி" என்றோ மட்டும் சொல்லாதீர்கள். பின்மூடி வளையத்தையும் கிரவுன் வளையத்தையும் மாற்றி, 5 பாரில் அழுத்தச் சோதனை செய்து, முடிவைக் காட்டும்படி கேளுங்கள். சோதனைக் கருவி இல்லை என்று சொல்லும் கடையில் வளையத்தையும் மாற்றாதீர்கள். அது வரை நீரில் இறக்கவே வேண்டாம்.

காலை அலை (டர்பன்)

அக்கா, நான் நீச்சல் பயிற்சி கொடுப்பவள். கடலில் கடிகாரத்தைத் தொலைத்தவர்களில் பெரும்பாலோருக்கு நீர் புகுந்ததில்லை, பட்டைதான் கழன்றது. நார்த் பீச்சில் உடையும் அலை ஒன்று மணிக்கட்டை முறுக்கினால், பட்டையைக் கொம்போடு பிணைக்கும் ஸ்பிரிங் பார் ஒரு பக்கம் நழுவிவிடும். இந்தக் கடற்கரையில் சுறாவுக்கு வலை கட்டியிருக்கிறார்கள், கடிகாரத்துக்கு யாரும் கட்டவில்லை.

கொம்புக்கு அடியில் நுழைந்து ஒரே துண்டாக ஓடும் நைலான் பட்டையை நான் பரிந்துரைப்பேன். பிரிட்டன் ராணுவத்துக்காக 1973இல் வகுத்த வடிவம் அது. நேட்டோ பட்டை என்று கேட்டால் தருவார்கள். இரண்டு பார்களில் ஒன்று கழன்றாலும் மற்றொன்றின் பிடியில் கடிகாரம் தொங்கிக்கொண்டிருக்கும். ரப்பர் பட்டை இரண்டு துண்டாக இருப்பதால் ஒரு பார் போனால் எல்லாம் போயிற்று. நைலானின் குறை, வெகுநேரம் ஈரமாகவே கிடக்கும் என்பதுதான். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கட்டுவதே வழி.

நீளத்தையும் மறக்காதீர்கள். ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி அளந்து, கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். நீரில் குளிர்ந்தால் மணிக்கட்டு சற்றுச் சிறுக்கும் என்பதால், கரையில் கட்டும்போது ஒரு ஓட்டை இறுக்கமாகவே போடுங்கள்.

பீனிக்ஸ்வாசி

19 மி.மீ. நைலான் இங்கே எளிதில் கிடைக்கவில்லை. 20 மி.மீ. நைலானை மடக்கிச் செருகலாமா, அல்லது 18 வாங்கலாமா?

பழைய பட்டறை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நைலான் நெளிந்து கொடுக்கும் பொருள் என்பதால் 20ஐ 19க்குள் செருகலாம்; ஓரம் லேசாகச் சுருங்கும், அவ்வளவுதான். 18 வாங்கினால் பக்கத்துக்கு அரை மி.மீ. வெளி தெரியும், பட்டை பக்கவாட்டில் அலையும். ஆனால் எந்தப் பட்டையானாலும் ஸ்பிரிங் பார் மட்டும் 19 மி.மீ.க்கு உரியதாகவே இருக்க வேண்டும். பதினெட்டுக்கு உரிய பார் குழிக்குள் ஆழமாக அமராது. கடலில் கழல்வது பெரும்பாலும் அதுதான். புதிய எஃகுப் பார்களைப் போட்டு, "டக்" என்று அமர்ந்த பிறகு பட்டையை இரு பக்கமும் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டே கட்டுங்கள்.

பீனிக்ஸ்வாசி (இரண்டு வாரம் கழித்து)

பட்டறையில் என் கண்ணெதிரே திறந்தார்கள். பின்மூடி வளையம் தட்டையாக மட்டுமல்ல, ஓரிடத்தில் மூடியின் விளிம்பில் சிக்கி நசுங்கியும் இருந்தது. இயந்திரத்தில் துரு ஏறவில்லை. இரண்டு வளையங்களையும் மாற்றி, அழுத்தச் சோதனை செய்து, நீர்த்துளிச் சோதனையும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். 20 மி.மீ. நைலானும் 19 மி.மீ. பார்களும் போட்டு நான்கு நாள் குளத்தில் நீந்திவிட்டேன், ஆவி இல்லை. ஞாயிறு கடலுக்குப் போவதற்கு முன் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா ஐயா?

பழைய பட்டறை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கிரவுன் முழுவதும் உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று இறங்குமுன் விரலால் தொட்டுப் பாருங்கள். நீருக்குள் அதை இழுக்காதீர்கள். கடலிலிருந்து வந்ததும் குழாய் நீரில் நன்றாக அலசுங்கள், வெந்நீர் வேண்டாம். உப்பு காய்ந்தால் கிரவுன் இடுக்கில் படிகமாகி வளையத்தை அரிக்கும். அழுத்தச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையும், பின்மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் செய்துகொள்ளுங்கள். மிட்மாரில் நன்னீர்தான், அங்கே இந்த உப்புத் தொல்லை இல்லை.