கைக்குழந்தையும் நடைபழகிய பிள்ளையுமாக வெளிநாட்டுத் தீம் பார்க் சென்றவர்களே, உங்கள் மனத்தில் தங்கிவிட்ட ஒரு நிகழ்வு எது?

சாரல்

ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்குப் போய் வந்து வெகுநாள் ஆகியும் ஒரு காட்சி மட்டும் மனத்தை விட்டு அகலாததால் இந்த இழையைத் தொடங்குகிறேன். மூத்தவனுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. இளையவளுக்குப் பல் முளைக்கும் பருவம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே நுழைவுச்சீட்டு வேண்டாம் என்பதால் இருவருமே இலவசமாகத்தான் உள்ளே வந்தார்கள்.

மிக்கியைப் பார்க்கப் போகிறோம் என்று பல வாரங்களாகச் சொல்லி வைத்திருந்தோம். அவனும் படுக்கப் போகும்போதெல்லாம், "மிக்கி, எங்க வீட்டுல ஒரு பாப்பா இருக்கு" என்று சொல்லிப் பார்த்துக்கொள்வான். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. அதுவரை கைப்பேசித் திரையில் விரலளவில் மட்டுமே கண்டிருந்த எலி, அப்பாவின் தலையைவிடப் பெரிய தலையோடு எதிரே நின்றது. அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அப்படியே விறைத்துப்போய், அப்பாவின் கால்சட்டையை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, முகத்தை அதில் புதைத்துவிட்டான். அதே நேரத்தில், நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணியிராத சின்னவள் என் இடுப்பிலிருந்து எட்டி மிக்கியின் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

மிக்கி வேடத்தில் இருந்தவர் அருகே வர முயலவில்லை. இருந்த இடத்திலேயே மண்டியிட்டு, வெள்ளைக் கையுறையால் தன் கண்களை மூடி, விரலிடுக்கில் எட்டிப் பார்ப்பதுபோல் செய்தார். பையன் ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டினான். பிறகு, பல வாரங்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த வாக்கியத்தை, அப்பாவின் கால்சட்டையிடமே சொல்லி முடித்தான். இன்றுவரை அவ்வப்போது கேட்கிறான்: "மிக்கி காதுல விழுந்திருக்குமா?" பயந்தானா, வெட்கப்பட்டானா என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. உங்கள் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

கடுகு

எங்களுடையது வேடமணிந்தவர்களைப் பற்றியதன்று, ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியைப் பற்றியது. அமெரிக்காவில் ஒரு பூங்கா, பெயர் வேண்டாம். பொம்மைகள் பாடும் படகுச் சவாரிக்கு முன் ஸ்ட்ரோலரை அதற்கென ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். வெளியே வந்து பார்த்தால், நிறுத்திய இடத்தில் வேறு யாருடைய வண்டியோ நிற்கிறது. நடைபாதையை மறிக்காமலிருக்க ஊழியர்கள் வண்டிகளை நகர்த்தி, வரிசை மாற்றி அடுக்குவது அங்கெல்லாம் வழக்கமாம். அது தெரிந்தவர்கள் பதறுவதில்லை, எங்களுக்குத் தெரியாது. டயபர், மாற்றுத்துணி, காய்ச்சல் மருந்து எல்லாம் அதன் அடிக்கூடையில்.

நான் சொல்ல வருவது இந்த ஒரு நொடியைத்தான்: கண்ணுக்கெட்டியவரை கறுப்பு வண்டிகள், எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், அவற்றின் நடுவே நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பிள்ளையைச் சுமந்தபடி ஒவ்வொரு கூடையாகக் குனிந்து பார்க்கிறோம், அடுத்தவர் பையைத் துழாவும் திருடர்களைப்போல் சிலர் எங்களை முறைக்கிறார்கள். கடைசியில் கைப்பிடியில் காயப்போட்டிருந்த ஒற்றை மஞ்சள் சாக்ஸ்தான் எங்கள் வண்டியைக் காட்டிக்கொடுத்தது. போகிறவர்கள் தயவுசெய்து பளிச்சென்ற ரிப்பன் ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

வழிப்போக்கன்

இருவரும் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நினைவில் நிற்கப் போவதில்லை என்று தெரிந்தும், பால்குடி மறவாத பிள்ளையை விமானமேற்றி வரிசையில் நிறுத்துவது யாருடைய ஆசைக்காக? சாரல் அவர்களின் மகன் விறைத்துப் போனதில் வியப்பே இல்லை. அந்த வயதில் முகம் அசையாத பெரிய தலை எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் மிரளத்தான் செய்வார்கள்.

"அப்படியானால் நீ ஏன் போனாய்" என்று கேட்பீர்கள். என் மைத்துனர் சிங்கப்பூரில் இருக்கிறார், சீட்டும் எடுத்துவிட்டார், மறுக்க முடியவில்லை. செந்தோசாத் தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸில் வாட்டர்வேர்ல்டு என்றொரு சாகசக் காட்சி உண்டு. துப்பாக்கிச் சத்தம், தீப்பிழம்பு, வெடி, நடுநடுவே பார்வையாளர்மேல் தண்ணீர். முன்வரிசைகள் நனையும் என்று அங்கே எச்சரித்துத்தான் உட்கார வைக்கிறார்கள்; நாங்கள் பின்னால் ஏறி உட்கார்ந்தோம். என் நெஞ்சோடு கேரியரில் கட்டியிருந்த கைக்குழந்தை, அத்தனை ஆரவாரத்திலும் வாய் பிளந்து உறங்கியது. இரைச்சல் ஓய்ந்து கூட்டம் எழுந்தபோது பக்கத்தில் ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். அந்தச் சரசரப்பில் விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டியது. பெரியவளோ காட்சி முழுவதும் ஒரே கேள்வி: "அந்த மாமா நனைஞ்சுட்டாரே, ஏன் யாருமே துண்டு குடுக்கல?" வில்லன் மாண்டதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

இத்தனைக்கும் மதியம் அந்த ஊரின் புழுக்கம் தாங்காமல் இரண்டும் சிணுங்க ஆரம்பித்து, இடி மின்னல் வேறு வந்து வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிட்டார்கள். ஆகவே என் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

நெல்லிக்கனி

வழிப்போக்கன் ஐயா, நினைவில் நிற்காது என்பதற்காக யாரும் குழந்தைக்குக் கதை சொல்லாமல் இருப்பதில்லை. அது போகட்டும்.

எங்கள் அனுபவம் பாரிஸ் டிஸ்னிலேண்டு. ஆர்இஆர் ஏ என்ற புறநகர் ரயிலின் கடைசி நிலையமான மார்ன்-லா-வல்லே செசியில் இறங்கியதும் வாயில். குளிர்காற்றில் சின்னவனின் கையுறை ஒன்று பறந்துவிட, அவன் அண்ணன் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டு, நாள் முழுவதும் ஒரு கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தான். அவ்வளவுதான் கதை. இனிப் போகப் போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், பெற்றோர் இருவரும் பெரிய சவாரிகளில் ஏறவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாடு டிஸ்னி பூங்காக்களில் உண்டு. சவாரியின் வாசலில் நிற்கும் ஊழியரிடம் குழந்தையைக் காட்டிச் சொன்னால், ஒருவர் ஏறிவிட்டு வரும்வரை மற்றவர் குழந்தையோடு வெளியே இருக்கலாம். பிறகு அவர் அதே நீள வரிசையில் மறுபடி முதலிலிருந்து நிற்காமல் ஏறலாம். வரிசையில் நுழையுமுன்பே சொல்ல வேண்டும் என்பது முக்கியம். ஆர்லாண்டோவில் உள்ள யுனிவர்சலில் இதுவே வேறு மாதிரி: குடும்பம் முழுவதும் சேர்ந்தே வரிசையில் போய், ஏறும் இடத்துக்கு அருகில் உள்ள அறையில் ஒருவர் பிள்ளையோடு காத்திருக்க, மாறி மாறி ஏறுவார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அடுத்தது உயரம். சவாரிக்குச் சவாரி, பூங்காவுக்குப் பூங்கா தேவையான உயரம் வேறுபடும். கலிபோர்னியாவில் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 102 செ.மீ. வேண்டும், டோக்கியோவின் ஸ்பிளாஷ் மவுண்டனுக்கு 90 செ.மீ. போதும். கிளம்புவதற்கு முந்தைய வாரமே வீட்டுச் சுவரில் அளந்து, எதில் ஏறலாம் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அளவுகோலின் முன் நுனிக்காலில் நின்று ஏமாறும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 2019 மே மாதத்திலிருந்து ஸ்ட்ரோலர் 79 செ.மீ. அகலத்துக்கும் 132 செ.மீ. நீளத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. இழுத்துச் செல்லும் வேகன் வகை வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. அதே நேரத்தில் உதிரி ஐஸ்கட்டிக்கும் உலர் பனிக்கும் தடை வந்தது. எனவே எடுத்து வைத்த தாய்ப்பாலைக் குளிரில் வைக்க ஐஸ்கட்டி நிரப்பிய பையை நம்பாதீர்கள். மறுபடி உறையவைக்கும் ஜெல் பொதிகளைக் கொண்டுபோங்கள். அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் தாய்ப்பாலுக்கும் பார்முலா பாலுக்கும் 100 மி.லி. வரம்பு பொருந்தாது, ஆனால் சோதனைக்கு முன்பே தனியாக எடுத்துக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைப் பராமரிப்பு நிலையம் எங்கே இருக்கிறது என்பதைப் பூங்கா வரைபடத்தில் முதலிலேயே பார்த்து வையுங்கள். பாலூட்டத் தனி அறை, துணி மாற்றும் மேசை, உணவைச் சூடாக்க வசதி, அவசரத்துக்கு விலைக்கு டயபர் எல்லாம் அங்கே கிடைக்கும். கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் இருக்கிறது. வயதைக் காட்டிச் சலுகை கேட்பவர்கள் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். நடக்கும் பிள்ளைக்கு இடுப்பு வார் ஒன்றும் மணிக்கட்டில் கைப்பேசி எண் எழுதிய பட்டையும் கட்டாயம்.

மழலைவீடு

நெல்லிக்கனி அவர்களே, பட்டை சரி, வார் எனக்கு ஒப்பவில்லை. கூட்டத்தில் அதில் தடுக்கி அடுத்தவர் பிள்ளை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பட்டையில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. ஊரில் பயன்படுத்தும் எண்ணை எழுதிவிட்டு, அங்கே போய் வேறு சிம் போட்டுக்கொண்டு அலைபவர்கள்தான் அதிகம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. டோக்கியோ டிஸ்னிலேண்டில் என் மூத்தவள் கண்ணிலிருந்து மறைந்தாள். அணிவகுப்புக்கு அங்கே முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். வெகுமுன்பே இடம் பிடித்துக் காத்திருப்பார்கள். கணவர் கறி மசாலா வாசமடிக்கும் பாப்கார்ன் வாங்கப் போயிருந்தார். நான் துப்பட்டாவுக்குள் சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பாயின் மறுமுனை காலி.

ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அங்கே காணாமல்போன பிள்ளைகளைப் பற்றிப் பூங்கா முழுவதும் கேட்கும்படி அறிவிப்பதில்லை. பெருக்கிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவரிடம் அரைகுறை ஆங்கிலத்திலும் சைகையிலும் சொன்னேன். அவர் என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மற்றவர்களுக்குத் தகவல் அனுப்பினார். சுற்றிலும் இசையும் சிரிப்பும் சற்றும் குறையவில்லை. எனக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை என்றே தோன்றியது.

பிறகு அழைத்துக்கொண்டு போனார்கள். இன்னோர் ஊழியப் பெண் தரையில் முழங்காலிட்டு, என் மகளின் கண்ணுக்கு நேரே தன் கண் இருக்கும்படி அமர்ந்திருந்தார். கையில் ஒட்டுப்படம். என் மகள் தெளிவான தமிழில் அவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்: "எங்க அம்மா தொலைஞ்சு போயிட்டாங்க. பச்சை துப்பட்டா போட்டிருப்பாங்க. தம்பியும் அவங்ககிட்டதான் இருக்கான். கண்டுபிடிச்சுக் குடுங்க." ஒரு சொல்கூட விளங்கியிருக்காத அந்தப் பெண், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மிகுந்த அக்கறையோடு தலையசைத்து, ஏதோ குறித்துக்கொள்வதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை, "எங்க போனீங்க?" என்று அதட்டினாள்.

அதனால் என் தரப்பில் ஒரே ஒரு யோசனை: காலையில் உள்ளே நுழையுமுன் இருவரையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மொழி தெரியாத ஊரில் ஆயிரம் சைகைக்குப் பதில் அதைக் காட்டினால் போதும்.

கடுகு

படம் எடுக்கும் யோசனை நல்லது; அப்படியே ஸ்ட்ரோலரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். நெல்லிக்கனி அவர்களே, அளவெல்லாம் சரிதான், ஆனால் இரட்டை ஸ்ட்ரோலரில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகையா, முன்பின் வகையா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எங்களுடையது பக்கவாட்டு வகை. ஒருத்தி தூங்கினால் மற்றவன் அவள் கண்ணிமையைத் திறந்து பார்ப்பான்.

சாரல்

வழிப்போக்கன் அவர்களுக்கு: யாருடைய ஆசைக்காக என்று கேட்டீர்கள். என் ஆசைக்காகத்தான், இதில் மறைக்க ஒன்றுமில்லை. எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே பால், தூக்கம், துணி என்று கிடந்தவளுக்கு நான்கு நாள் வெளிக்காற்று வேண்டியிருந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக மனமில்லை, அழைத்துப் போனேன். மூத்தவனுக்கு நினைவிருக்காது என்கிறீர்கள். சன்னி பே நிலையத்தில் மாறி ஏறும் ரயிலுக்கு மிக்கி தலை வடிவில் சன்னல்கள் உண்டு. அவற்றில் எதில் தன் தங்கை எச்சில் பூசினாள் என்பதுவரை இன்றும் சொல்கிறான்.

மழலைவீடு, உங்கள் மகள் அதட்டியதைப் படித்துவிட்டுக் கணவரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். அந்த ஊழியப் பெண் தலையசைத்ததும், எங்கள் பையனுக்காக அந்த மிக்கி கண்ணை மூடிக்கொண்டதும் ஏறக்குறைய ஒரே வேலைதான் என்கிறார் அவர். இருக்கலாம். ஆனால் உங்கள் மகளுக்குக் கேட்க ஆள் இருந்தது; என் மகன் கால்சட்டையிடம் சொன்னது யார் காதிலாவது விழுந்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

வழிப்போக்கன்

நேர்மையான பதில், ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பெரிய தலைக்குள் இருப்பவருக்கு வெளிச்சத்தம் எவ்வளவு கேட்கும் என்று வேடமணிந்து வேலை பார்த்தவர் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். பையனுக்குப் பதில் சொல்ல உதவும்.