ஜெனோவாவின் சந்துகளில் நடந்தபோது யாரைச் சந்தித்தீர்கள்?

நான் கப்பலில் தேர்ட் இன்ஜினியர். சொந்த ஊர் தூத்துக்குடி. எங்களுக்கு வெளிநாடு என்றால் பெரும்பாலும் கிரேன், கண்டெய்னர், துறைமுக கேட், அவ்வளவுதான். ஊருக்குள் போக நேரம் கிடைக்காது. இத்தாலியின் ஜெனோவாவில் மட்டும் ஒரு பகல் முழுக்கக் கிடைத்தது. அதை எழுதுகிறேன். அங்கே நடந்து பார்த்தவர்கள் உங்களுடையதையும் சொல்லுங்கள்.

கப்பல் கட்டியிருந்தது நகரத்துக்கு மேற்கே, பிரா முனையத்தில். டெக்கில் நின்றால் கண்டெய்னர் அடுக்குகளுக்குப் பின்னால் மலைச்சரிவு, அதில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குடில்கள் தெரியும். எங்களை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்ட வேன் ஓட்டுநரிடம் கேட்டேன். "பஸிலிகோ" என்று சொல்லி விரல்களை மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினார். நம் ஊர்த் திருநீற்றுப் பச்சிலையின் இனம் அது. பைன் கொட்டை, பூண்டு, சீஸ், உப்பு, ஆலிவ் எண்ணெய் சேர்த்துப் பளிங்கு உரலில் இடித்தால் பெஸ்தோ. அந்த ஊரின் சட்னி என்றே சொல்லலாம். சரக்கு இறங்கும் இடத்துக்கு மேலேயே அந்த இலையும் வளர்கிறது.

நடைப்பயணம் பழைய துறைமுகத்தின் எதிரில், பலாஸ்ஸோ சான் ஜோர்ஜோ என்ற மாளிகை முன்னால் தொடங்கியது. மொத்தம் எட்டுப் பேர். வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அவருடைய அப்பா இதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம். அந்தத் தொழிலாளர்களை ஜெனோவாக்காரர்கள் 'கமாலி' என்பார்கள். அரபியிலிருந்து வந்த சொல் என்றார். மும்பைத் துறைமுகத்தில் 'ஹமால்' என்று கேட்டது உடனே ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

மாளிகையின் கடல் பக்கச் சுவரைப் பார்த்தால் தூண், சிலை, மாடம் எல்லாம் செதுக்கியது போலத் தெரிகிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் வண்ணம். சமமான சுவரில் நிழல் வரைந்தே தூணை எழுப்பியிருக்கிறார்கள். பின்பக்கம்தான் பழையது, 1260-ல் கட்டியது. அந்தச் சுவர் கல்லும் செங்கல்லுமாகக் கனமாக நிற்கிறது. இன்று துறைமுக நிர்வாகத்தின் அலுவலகம் இங்கேதான். ஒரு காலத்தில் சிறை.

"வெனிஸ்காரரான மார்கோ போலோ ஜெனோவாவிடம் போர்க் கைதியாகச் சிக்கினார். 1298-ல் சிறையில் இருந்தபடி தன் பயணத்தைச் சொல்ல, உடன் இருந்த பிசா நகரத்துக் கைதி ருஸ்திகெல்லோ எழுதினார். அந்தச் சிறை இதுதான் என்பது எங்கள் ஊர் மரபு" என்றார் வழிகாட்டி. சீனா, குப்ளாய் கான் என்று கதை போய்க்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கிவிட்டேன். "அந்தப் புத்தகத்தில் காயல் என்று ஒரு துறைமுகம் வரும். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான்" என்றேன்.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் குழுவைத் திருப்பி என் முன்னால் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் வரலாற்று ஆசிரியர் சொன்னதை எல்லாம் சொன்னேன். பாண்டிய நாட்டுக் கரை. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் காயலில்தான் கட்டும். முத்துக் குளிப்பு நடக்கும். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. பெரிய மீன்கள் முக்குளிப்பவர்களைத் தாக்காமல் மந்திரம் போட்டுக் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலில்தான் பலிக்கும், இரவில் கட்டு அவிழ்த்துவிடுவார்கள் என்றுகூடப் புத்தகத்தில் உண்டு. எந்நேரமும் 'தெம்புல்' என்ற இலையை மெல்லுகிறார்கள் என்று வருவது நம் தாம்பூலம். இதைச் சொன்னபோது என் குரல் நடுங்கியது. எங்கள் கரையின் கதையைச் சிறைக்குள் ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதிய சுவர், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தொட்டேன். குளிர்ந்து, சொரசொரப்பாக இருந்தது.

அங்கிருந்து சொத்தோரிபா. முன்பு கடலைப் பார்த்தபடி இருந்த வளைவு மண்டபங்களின் வரிசை. உள்ளே பொரித்த மீன் கடைகள். ஒரு கடையில் விறகு அடுப்பிலிருந்து அகலமான செம்புத் தட்டு ஒன்றை நீளக் கம்பியால் இழுத்தார்கள். மேலே பொன்னிறமாகப் பொரிந்த தோல், ஓரம் கருகல், அடியில் பால்கோவா மாதிரி மென்மை. கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, வேறு எதுவும் இல்லை. ஃபரினாத்தா என்கிறார்கள். கடைக்கார அம்மாவிடம், எங்கள் ஊரிலும் கடலை மாவு இல்லாத வீடு கிடையாது என்று சைகையில் சொன்னேன். அவர் மாவு டப்பாவைத் திறந்து நீட்டினார். முகர்ந்தேன், அதே வாசனை. ஓரத்துத் துண்டை எனக்காக வெட்டி, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தார்.

இந்தப் பண்டத்துக்கு ஒரு கதை உண்டு. 1284-ல் மெலோரியா கடற்போரில் ஜெனோவா பிசாவைத் தோற்கடித்தது. திரும்பி வரும் வழியில் புயலில் எண்ணெய்ப் பீப்பாயும் கடலை மூட்டையும் உடைந்து, கடல்நீரோடு கலந்து கூழாகி, வெயிலில் காய்ந்ததாம். தோற்றவர்களைச் சீண்ட அதற்கு 'பிசாவின் தங்கம்' என்று பெயர் வைத்தார்களாம். கதை எப்படியோ, போர் உண்மை. ருஸ்திகெல்லோ பிடிபட்டதும் அந்தப் போரில்தான் என்று கருதுகிறார்கள். அப்படியானால் மார்கோ போலோ வந்து சேர்வதற்குள் அந்த மனிதர் 14 வருடம் சிறையில் கழித்திருக்கிறார். எனக்கு மார்கோ போலோவைவிட அவர் மீதுதான் மனம் போனது.

அப்புறம் சந்துகள். 'கருஜ்ஜி' என்பார்கள். சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். பியாஸ்ஸா பாங்கியில் ஒரு தேவாலயம் கடைகளின் தலைமேல் நிற்கிறது. கீழே கடைகளை விற்ற பணத்தில் மேலே கோயில் கட்டினார்களாம். சான் லோரென்ஸோ பேராலயத்தில் 1941 பிப்ரவரி 9 அன்று ஆங்கிலேயர் கடலிலிருந்து சுட்ட குண்டு சுவரைத் துளைத்து விழுந்தும் வெடிக்கவில்லை. அதே மாதிரிக் குண்டு ஒன்றை உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிரியும்போது வழிகாட்டி சொன்னார்: "வழி தவறினால் பயப்படாதீர்கள். இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடங்கள், கடல் வந்துவிடும்." அப்படியே செய்துதான் திரும்பினேன்.

* * *

நான் மிலானில் இருக்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது ஜெனோவாவுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு முட்டிவலி, அந்த ஊரோ முழுக்க மேடும் படியும். போகாமல் இருந்திருக்கலாமோ என்று முதல் அரை மணி நேரம் நினைத்தேன்.

ஆனால் சந்து முனைகளில் சுவரோடு பதித்த மாதா மாடங்களைப் பார்த்ததும் அம்மா உற்சாகமாகிவிட்டார். கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். மேலே சின்ன விதானம், பளிங்குச் சட்டம், சில இடங்களில் விளக்கு. "நம்ம முச்சந்திப் பிள்ளையார் மாதிரி" என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் கும்பிட்டார். ஒரு மாடத்துக்குக் கீழே தள்ளுவண்டிப் பையோடு ஒரு பாட்டி மூச்சு வாங்க நின்றிருந்தார். அம்மா தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். பாட்டி தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான், இருவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா தமிழ், பாட்டி இத்தாலியன், கால் மணி நேரம். நான் மொழிபெயர்க்கப் போனபோது இருவருமே கையசைத்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.

பாட்டிதான் காஸ்தெல்லெத்தோ மேட்டுக்கு லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லி அது கிளம்பும் இடம் வரை கூடவே வந்தார். மலை மேல் வீடுகள் என்பதால் அந்த ஊரில் லிஃப்டும் பேருந்து மாதிரிப் பொதுப் போக்குவரத்துதான். மேலே போனால் சாம்பல் நிறப் பலகைக்கல் கூரைகள், அதற்கு அப்பால் துறைமுகம், ஓரத்தில் லான்தெர்னா கலங்கரை விளக்கம். இப்போது நிற்கும் கோபுரம் 1543-ல் கட்டியது, உயரம் 77 மீட்டர். அம்மா அங்கேயே உட்கார்ந்து பையிலிருந்த முறுக்கை எடுத்து எனக்குக் கொடுத்தார். பாட்டிக்குக் கொடுக்க மறந்துவிட்டோமே என்று இன்றும் சொல்கிறார்.

போர்த்தா சொப்ரானாவையும் விடாதீர்கள். 1155-ல் பார்பரோசா பேரரசருக்கு அஞ்சி எழுப்பிய மதிலின் வாசல் அது. லத்தீனில் ஒரு கல்வெட்டு உண்டு: அமைதியோடு வந்தால் இந்தக் கதவுகளைத் தொடலாம், போர் தேடி வந்தால் தோற்றுத் துயரத்தோடு திரும்புவாய். அம்மா கதவு இருந்த இடத்துக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

* * *

சின்ன அனுபவம்தான். நான் கர்நாடக இசை வயலின் வாசிப்பவள். ஜெனோவாவில் பிறந்த வயலின் மேதை பாகனினியின் வயலின் அங்கே பலாஸ்ஸோ துர்சி என்ற மாளிகையில் இருக்கிறது. குவார்னேரி என்ற வயலின் செய்யும் கலைஞர் 1743-ல் செய்தது. முழக்கத்துக்காக 'பீரங்கி' என்றே பெயர். பாகனினி அதை ஊருக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். கண்ணாடிக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றதால் காவலில் இருந்தவர் வந்து, வாசிப்பீர்களா என்றார். தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்போம் என்று நின்றபடியே விளக்கினேன். புரியவில்லை. சரி என்று அந்த அறையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து வெறும் கையால் வாசித்துக் காட்டினேன். அவர் குனிந்து என் காலையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பாகனினி பெயரில் நடக்கும் வயலின் போட்டியில் வென்றவர்களுக்கு அந்த வயலினை வெளியே எடுத்து வாசிக்கக் கொடுப்பார்கள், மரம் பேசாமல் இருக்கக் கூடாது என்றார்.

* * *

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பாட்டிக்கு முறுக்கு கொடுக்காதது எனக்கும் வருத்தமாக இருக்கிறது.

நான் லீவில் ஊருக்கு வந்ததும் பழையகாயலுக்குப் போனேன். அத்தனை பக்கத்தில் இருந்தும் முதல் தடவை. ஏடனிலிருந்து குதிரைக் கப்பல் வந்த துறைமுகம் அது. இன்று அங்கே கடலே இல்லை. தாமிரபரணி கொண்டுவந்த மண் சேர்ந்து சேர்ந்து கடல் விலகிப் போய்விட்டது. கண்ணுக்கு எட்டிய வரை உப்பளம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அண்ணனிடம், கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். பலகையைக் கீழே வைக்காமல், தாடையால் கிழக்கே காட்டினார்.

உப்பளத்தைப் படம் எடுத்து ஜெனோவா வழிகாட்டிக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. இப்போது சான் ஜோர்ஜோ முன்னால் நிற்கும் ஒவ்வொரு குழுவுக்கும் அந்தப் படத்தைக் காட்டுகிறாராம். காயல் என்பதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டிருந்தார். குரலில் பதிவு செய்து அனுப்பினேன்.